கருங்கல் மேடையில் தெரிவது கறையா, காயமா?



பளபளக்கும் கறுப்புக் கல் பதித்த குசினி மேடையைப் பற்றிய பாடம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் இந்தக் கல் மூன்று வழிகளில் நமது குடும்பங்களின் வாழ்வோடு சேர்ந்துவிட்டது. காணியை விட்டு வந்து பட்டினத்தில் வாழும் பெண்கள் பலர் வீடுகளிலும் விருந்தினர் விடுதிகளிலும் துப்புரவு வேலை செய்கின்றனர். கமம் செய்த கைகள் பல இன்று மேசன் வேலையிலும் கல் பதிக்கும் வேலையிலும் உழைக்கின்றன. சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களுள் சிலர், வெளிநாட்டிலுள்ள உறவினரின் உதவியோடு கட்டும் வீட்டில் இக்கல்லைப் பதிக்கின்றனர்.

இம்மூன்று பகுதியினரையும் ஒரே தொல்லை தேடி வருகிறது. கல்லில் ஒருநாள் வெள்ளை வளையம் தெரியும். அல்லது ஓரிடம் மங்கிக் கிடக்கும். "என்ன பிள்ளை, இதில எதை ஊத்தினீர்?" என்ற கேள்வி வேலைக்கு வந்தவளிடமே முதலில் வரும். அன்றைய கூலியும் போகலாம், அந்த வேலையும் போகலாம். "தம்பி, நீர் பதிச்ச கல்லு மங்கிப் போச்சு" என்று மேசனின் மிகுதிக் காசு நிறுத்தப்படும். சொந்த வீட்டுக்காரரோ கடையில் கிடைத்த கடும் திரவத்தை வாங்கி ஊற்றி, இருந்த மினுக்கத்தையும் கெடுத்துக்கொள்வார்.

ஆகவே இப்பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். கறுப்புக் கல்லில் தெரியும் அடையாளங்களில் பெரும்பாலானவை கல்லுக்கு ஏற்பட்ட காயம் அல்ல, கல்லின்மேல் படிந்தவை. அடையாளம் எது என்று அறியுமுன் எதையும் ஊற்றக்கூடாது. பயிரின் இலை மஞ்சளானதைக் கண்டவுடன் எந்தக் கமக்காரனும் யூரியாவைத் தூக்குவதில்லை. பசளைக் குறைவா, நீர் தேங்கியதா, பூச்சியா, வேர் நோயா என்று இலையைத் திருப்பிப் பார்க்கிறான்; வேரைப் பிடுங்கிப் பார்க்கிறான். கல்லுக்கும் அதே ஒழுங்குதான்.

1. அம்மி கற்பிக்கும் பாடம்

நமது அம்மியை நினைத்துப் பாருங்கள். பழப்புளி, தேசிப்புளி, உப்பு, மிளகாய் என்று தலைமுறை தலைமுறையாக அதில் அரைத்து வந்திருக்கிறோம். குழவி உராய்ந்து அம்மி வழுவழுப்பாகும். அப்போது கொத்துவித்துப் பாவிப்போம். ஆனால் புளி பட்டு அம்மி அரிந்துபோனதாக எவரும் சொல்வதில்லை.

இனி யாழ்ப்பாணத்து நிலத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லில் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் சில துளி வினாகிரி விடுங்கள். சிறு நுரை பொங்குவதைக் காணலாம். அந்தக் கல் கல்சியம் காபனேற்றினால் ஆனது; புளிப்பு அதைக் கரைக்கிறது. மாபிள் கல்லும் இதே இனம். அதனால்தான் மாபிளில் தேசிப்புளி பட்டால் மங்கல் விழுகிறது. அம்மிக் கல்லோ சிலிக்கேற்றுக் கனிமங்களால் ஆனது. சமையலறைப் புளிப்பு அதை எளிதில் தொடாது.

கடையில் 'கறுப்புக் கிறனைற்' என்று விற்கப்படும் கல், புவியியலார் கிறனைற் என்று அழைக்கும் கல் அன்று. உண்மைக் கிறனைற் வெளிறிய நிறமுடையது. குவாட்ஸ் அதிகம் உள்ளது. கறுப்புக் கற்களில் பெரும்பாலானவை கப்ரோ, டொலரைற் போன்ற வேறு தீப்பாறைகள். பெல்ஸ்பார், பைரொக்சீன் என்னும் கனிமங்களே அவற்றில் மிகுதி. பொன்னிறப் பொட்டுகள் மின்னும் 'பிளாக் கலக்சி' என்னும் கல், ஆந்திர மாநிலத்தின் பிரகாசம் மாவட்டத்திலுள்ள சீமகுர்த்தியில் வெட்டப்படுகிறது. பெயர் எதுவானாலும் இவையும் சிலிக்கேற்று இனமே; அம்மிக்கு உறவு. எனவே நல்ல கறுப்புக் கல் தேசிப்புளி பட்டு மங்குவதில்லை. மங்கினால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள்.

2. அடையாளம் எங்கே இருக்கிறது?

எந்த அடையாளமும் பின்வரும் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்.

அ) கல்லின் மேலே: நீர்க் காரை, சவர்க்காரப் படை, உருகிய பிளாஸ்ரிக், பாத்திரம் உரசிய உலோகக் கோடு.

ஆ) கல்லின் உள்ளே: நுண்துளைகளில் இறங்கிய எண்ணெய், மஞ்சள், கறள்.

இ) கல்லுக்குப் பூசிய பூச்சில்: கடைக்காரர் பூசிய சாயம், மெழுகு, நீர்காப்புத் திரவம்.

ஈ) கல்லிலேயே: கீறல், உடைவு, மினுக்கம் தேய்தல்.

முதலாவது வகையே மிக அதிகம், திருத்துவதும் எளிது. நான்காவது வகை மிகக் குறைவு. ஆனால் பழி சுமத்தப்படும்போது எல்லாமே நான்காவது வகை போலப் பேசப்படுகின்றன.

3. ஐந்து சோதனைகள்

இவற்றை இதே ஒழுங்கில் செய்ய வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் கல்லைக் கழுவி, காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சாய்வு வெளிச்சம். ரோச் லைற்றைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். மேலே படிந்தது கல்லைவிடச் சற்று உயர்ந்து தெரியும். மினுக்கம் போன இடம் உயரம் இன்றி, வெளிச்சத்தைத் திருப்பித் தராமல் மங்கலாகக் கிடக்கும்.

இரண்டு, நகமும் பிளேட்டும். விரல் நகத்தை அடையாளத்தின் குறுக்கே இழுங்கள். நகம் பள்ளத்தில் விழுந்தால் கீறல். மேட்டில் தடுத்தால் படிவு. பின்பு புதிய சவர பிளேட்டைக் கல்லோடு படுக்கையாக வைத்து மெல்லச் சுரண்டுங்கள். வெள்ளை மா வந்தால் அது நீர்க் காரை.

மூன்று, நீர்த் துளி. அடையாளம் இல்லாத ஓரிடத்தில் சில துளி நீர் விட்டு 15 நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் கல் நீரைக் குடிக்கிறது, எண்ணெயையும் குடிக்கும். கறுப்புக் கற்களில் பல குடிப்பதில்லை. கட்டடத்துக்கான கிறனைற் தன் எடையில் நூற்றுக்கு 0.4 பங்குக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடாது என்பது அமெரிக்கத் தரவிதி. அடர்ந்த கறுப்புக் கற்கள் இதனிலும் குறைவாகவே உறிஞ்சும்.

நான்கு, தேசிப்புளி. மூலையில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு துளி விட்டு 5 நிமிடத்தில் கழுவித் துடையுங்கள். மாற்றம் இல்லையெனில் கல் நல்லது. மங்கினால் கல்லில் சுண்ணாம்புக் கனிமம் கலந்துள்ளது, அல்லது பூச்சு உள்ளது.

ஐந்து, வெள்ளைத் துணி. பாமசியிலும் ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும் அசற்றோனை வெள்ளைத் துணியில் நனைத்து மூலையில் தேயுங்கள். கியூற்றெக்ஸ் அகற்றும் திரவம் சிலவற்றிலும் அசற்றோன் உண்டு. போத்தலின் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். துணியில் கறுப்பு ஏறினால் கல்லுக்குச் சாயம் பூசப்பட்டிருக்கிறது. சாம்பல் நிறக் கல்லைக் கறுப்பென்று விற்பதற்காகச் செய்யப்படும் வேலை இது. அசற்றோன் நெருப்பை மிக விரைவாகப் பற்றும். அடுப்பை அணைத்து, யன்னலைத் திறந்து வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குவாட்ஸ் தூளைப் பிசினோடு சேர்த்து அச்சில் வார்க்கும் செயற்கைக் கல்லும் கறுப்பு நிறத்தில் கிடைக்கிறது. அதன் பிசின் அசற்றோனாலும் கடும் சூட்டாலும் கெடும். அது எக்கல் என்பதை வீட்டுக்காரரிடமோ விற்றவரிடமோ முதலில் கேட்டறியுங்கள்.

4. திருத்தும் முறை

வெள்ளை வளையம், வெள்ளைப் படை: இது நீர்க் காரை. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவதால் வன்மையானது. கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவதும் குழாயடியில் கல்லின்மேல் படிவதும் ஒன்றே. நீர் வற்றும்போது சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. வெளிறிய கல்லில் அது தெரிவதில்லை. கறுப்புக் கல் காட்டிக்கொடுக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியை 15 நிமிடம் போட்டு வைத்து, பிளேட்டைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டுங்கள். பிளேட்டின் மூலை கல்லில் குத்தக்கூடாது. எஞ்சியது இருந்தால், தேசிப்புளிச் சோதனையில் தேறிய கல்லுக்கு மாத்திரம், வினாகிரியும் நீரும் சமபங்கு கலந்து துணியில் நனைத்து 5 நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவித் துடைக்கலாம்.

முழு மேடையும் மங்கலாக, கை வைத்தால் அச்சு விழுவதாக இருத்தல்: இது சவர்க்காரப் படை. வன்னீரில் சவர்க்காரம் கரையாமல் திரைந்து படிகிறது. கூடச் சவர்க்காரம் போட்டால் மங்கல் கூடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளியை இளஞ்சூட்டு நீரில் கலந்து துடைத்து, வெறும் நீரால் இரண்டு முறை துடைத்து, கடைசியாகக் காய்ந்த துணியால் ஈரத்தை எடுக்க வேண்டும். காயத் துடைப்பதே இதில் முக்கியம்.

மேகம் போன்ற திட்டு, சூடான பாத்திரம் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம்: பெரும்பாலும் இது பூச்சின் கோளாறு. நீரைக் குடிக்காத கல்லுக்கு நீர்காப்புத் திரவம் பூசினால் அது உள்ளே இறங்க இடமின்றி மேலேயே காய்ந்து படமாகிறது. அசற்றோன் துணியால் துடைத்தால் நீங்கும். மூன்றாம் சோதனையில் நீரைக் குடிக்காத கல்லுக்கு இத்திரவம் தேவையில்லை.

சாம்பல் நிற மெல்லிய கோடுகள்: இவை பெரும்பாலும் கீறல்கள் அல்ல. கல் கத்தியைவிடச் சற்று வன்மையானது. ஆகவே கத்தியும் அலுமினியப் பாத்திரமும் தேய்ந்து தம் உலோகத்தைக் கல்லில் விட்டுச் செல்கின்றன. பென்சில் கடதாசியில் எழுதுவது போன்றது இது. நகம் தடுக்காவிட்டால், அப்பச்சோடாவை நீரில் குழைத்துத் துணியால் தேய்த்துக் கழுவுங்கள். அப்பச்சோடா கல்லைவிட மிக மென்மையானது, கீறாது. ஆனால் மணல் கீறும். மணலில் உள்ள குவாட்ஸ் இந்தக் கல்லைவிட வன்மையானது. மணலும் சாம்பலும் சேர்த்துப் பாத்திரம் மினுக்கும் நமது பழக்கத்தை இந்த மேடையில் செய்யக்கூடாது.

எண்ணெய்த் திட்டு: ஈரத்தால் கறுத்த இடம் ஒருநாளில் காய்ந்து மறையும். மறையாவிட்டால் எண்ணெய். அப்பச்சோடாவை அசற்றோனில் தயிர்ப் பதமாகக் குழைத்து, திட்டின்மேல் விரற்கடை அளவில் பூசி, பொலித்தீனால் மூடி, ஊசியால் சில துளையிட்டு ஒருநாள் விடுங்கள். குழம்பு காயும்போது எண்ணெயை மேலே இழுக்கும். சீழ் கட்டிய புண்ணுக்குப் பத்துப் போடுவது போன்றதே இந்த முறை. ஒருமுறையில் போகாவிட்டால் மீண்டும் செய்யலாம். ஐதரசன் பேரொட்சைட்டைச் சிலர் சொல்வார்கள். அது வெளிறிய கல்லுக்கு உரியது. கறுப்புக் கல்லில் நிறத்தை வெளிறச் செய்யலாம்.

மஞ்சள் கறை: கறுப்புக் கல்லில் குறைவாகவே தெரியும். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளிறும் என்பது துணி துவைக்கும் எவருக்கும் தெரிந்ததே. யன்னல் வெயில் படும் இடமாயின் சில நாள் பொறுத்திருங்கள்.

கறள்: பால்மாத் தகரம், காஸ் சிலிண்டர் முதலியவை ஈரத்தோடு நின்ற இடத்தில் வட்டமாக விழும். மேலேயுள்ளதைப் பிளேட்டாலும் அப்பச்சோடாவாலும் எடுங்கள். சில கற்களில் இரும்புக் கனிமம் உள்ளேயே இருந்து கறள் கசியும். அதற்கு அமிலம் ஊற்றினால் கறள் கூடும்.

விளிம்பு உடைவு: இதை மேசன் தம்பிமார் தாமே திருத்தலாம். உடைந்த இடத்தை அசற்றோனால் துடைத்துக் காயவிட்டு, சுற்றிவர ரேப் ஒட்டுங்கள். அரல்டைற் இரண்டு குழாயிலும் சமமாக எடுத்து, நிலத்துச் சீமெந்துக்குப் போடும் கறுப்புத் தூளில் ஒரு சிட்டிகை சேர்த்துக் குழைத்து, சற்று மேடாக நிரப்புங்கள். 24 மணி நேரத்தின் பின் பிளேட்டால் மட்டமாகச் சீவிவிடலாம்.

மினுக்கம் தேய்ந்த இடம்: இதுவே உண்மையான காயம். இதைத் திருத்த, நீர் விட்டபடி வைரத் தட்டுகளை 400, 800, 1500, 3000 என்று படிப்படியாக மாற்றி மினுக்க வேண்டும். கறுப்புக் கல்லில் ஒரு சிறு இடத்தை மாத்திரம் கையால் தேய்த்தால் அது தனி மேகமாகத் தெரியும். ஆகவே இயந்திரமும் பழக்கமும் உள்ளவரிடம் விடுவதே நன்று. சாயம் பூசிய கல் மங்கினால் அசற்றோனால் சாயத்தை முழு மேடையிலும் எடுத்து, கல்லின் சொந்த நிறத்தோடு விடுவதே நிலைத்த தீர்வு.

5. ஒருபோதும் செய்யக்கூடாதவை

கழிவறை கழுவும் அமிலத்தைக் கல்லில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் கல்லின் இரும்புக் கனிமங்களைத் தாக்கும். குழாயையும் சிங்கையும் கெடுக்கும்.

கறள் நீக்கும் திரவங்கள் சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலம் உண்டு. சிலிக்கேற்றுக் கல்லையும் கண்ணாடியையும் அரிக்கும் அமிலம் இது. தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமலே உள்ளே இறங்கி எலும்பு வரை தாக்கும், உயிரையும் எடுக்கும். போத்தலில் இப்பெயர் இருந்தால் எவர் சொன்னாலும் தொடாதீர்கள். தவறிப் பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் கழுவிக்கொண்டு, தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

குளோரின் திரவத்தையும் அமிலத்தையும் எக்காரணத்துக்கும் கலக்காதீர்கள். எழும் வாயு மூச்சை அடைக்கும். அடைபட்ட குசினியில் ஆளைக் கொல்லும்.

கல் வெட்டும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. காய்ந்தபடி வெட்டும்போது எழும் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி, மாறாத நோயைத் தரும். செயற்கைக் கல்லில் சிலிக்கா மிக அதிகம். இந்நோயினாலேயே அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் செயற்கைக் கல் மேடைகளைத் தடை செய்தது. நீர் விட்டு வெட்டுங்கள். தூளைத் தடுக்கும் தரமான முகமூடி அணியுங்கள். வாயில் கட்டிய துணி போதாது.

6. பழியிலிருந்து காத்துக்கொள்ளல்

வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளே, முதல் நாளே வீட்டுக்கார அம்மாவோடு நின்று மேடையைச் சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். "அம்மா, இந்த மூலையில் ஒரு வளையம் இருக்கு, பாத்துக்கொள்ளுங்கோ" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். எந்தத் திரவத்தைப் பாவிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பின்னர் கேள்வி எழுந்தால், பிளேட்டில் வரும் வெள்ளை மாவும் வெள்ளைத் துணியில் ஏறும் கறுப்பும் உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

மேசன் தம்பிமார் கல்லை இறக்கும்போதே தேசிப்புளியாலும் வெள்ளைத் துணியாலும் வீட்டுக்காரர் முன்னிலையில் சோதிக்க வேண்டும். பதித்த பின் கண்டால் குற்றம் உங்களுடையது. பதிக்குமுன் கண்டால் விற்றவருடையது. வீடு கட்டுவோரும், கடையில் ஒரு சிறு மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு இரவு வீட்டில் வைத்துச் சோதித்த பின்பே முற்பணம் கொடுங்கள். துண்டு தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

கலந்துரையாடலுக்கு

அ) உங்கள் குழுவில் வீட்டு வேலைக்கோ மேசன் வேலைக்கோ போவோர், செய்யாத குற்றத்துக்குக் கூலி இழந்ததுண்டா? எந்தச் சோதனை அவர்களுக்கு உதவியிருக்கும்?

ஆ) உங்கள் கிணற்று நீரைக் கறுப்புத் தட்டு ஒன்றில் சில துளி விட்டு வற்றவிடுங்கள். எவ்வளவு வெள்ளை தங்குகிறது? வேறு கிணற்று நீரோடு ஒப்பிடுங்கள்.

இ) அம்மிக் கல், சுண்ணாம்புக் கல், மாபிள் துண்டு ஆகிய மூன்றிலும் ஒரு துளி வினாகிரி விட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எது நுரைக்கிறது? ஏன்?

ஈ) சாய்வு வெளிச்சம், பிளேட், நீர்த் துளி, தேசிப்புளி, வெள்ளைத் துணி: இந்த ஐந்தையும் வரிசைப்படி சொல்லக்கூடியவர் குழுவில் எத்தனை பேர்? எல்லோரும் சொல்லும்வரை ஒருவர் மற்றவருக்குக் கற்பியுங்கள்.